ஜன்னலுக்குக் கீழே பூப்பாத்தி

திருப்பதி
8 செப்டம்பர் 2024

யமுனா அண்ணிக்கு,

ஹரிதா எழுதுவது. நலமா என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். நான் கேட்டால் அது உங்களுக்குக் குத்தலாகத்தான் படும்.

போன மாதம் போனில், "நீ பேசுனா மூக்கப் புடிச்சிக்கினு பேசுற மாதிரியே கேக்குது எனக்கு. எதுனா சொல்லணும்னா எழுது" என்று வைத்துவிட்டீர்கள். எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. குழந்தை அக்ஷயா பகலில் தூங்குகிற முக்கால் மணி நேரம்தான் என் இரண்டு கையும் எனக்குச் சொந்தம்.

இரண்டு விஷயம். ஒன்று, பூப்பாத்தி. ஜூலையில் குடிவந்த இந்த வீட்டில், முன்பக்கச் சின்ன அறையின் ஜன்னலுக்குக் கீழே, பன்னிரண்டு அடி நீளம் நான்கு அடி அகலத்துக்கு வெறும் மண் கிடக்கிறது. கொத்தினேன். முதலில் சிமெண்ட் கட்டிகள். அடுத்து குட்கா பாக்கெட். அப்புறம் முடி. முன்பு குடியிருந்த யாரோ சீப்பில் வந்ததைச் சுருட்டிச் சுருட்டி இந்த ஜன்னல் வழியாகவே எறிந்திருக்கிறார்கள். வருஷக்கணக்கான முடி, ஈரத்தில் மக்காமல், மண்வெட்டியில் செத்த எலி மாதிரி தொங்கிக்கொண்டு வந்தது. அதற்கும் கீழே ஒரு நாப்கின், தண்ணீர் குடித்து ஊதிப்போய். கையுறை போட்டுத்தான் எடுத்தேன். இருந்தும் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஆனால் விடுவதாக இல்லை. படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். பின்வரிசையில், சுவரை ஒட்டி, உயரமாகச் செண்டுமல்லி. நடுவில் கோழிக்கொண்டை. முன்னால் தரையோடு படரும் பத்துமணிப் பூ. ஓரத்தில் அரைச் செங்கல்லைச் சாய்த்துப் பதிக்கப் போகிறேன். செடி விஷயம் உங்களுக்குத் தெரியும். விதை கிடைத்தால் அனுப்புங்கள்.

இரண்டாவது, அந்த அறை உங்களுக்காக. சங்கராந்தி லீவு முடிந்து ஜனவரி 20 அன்று நான் பள்ளிக்கூடத்தில் இல்லையென்றால், வேறு கம்ப்யூட்டர் டீச்சர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். சம்பளமில்லாத லீவு அதற்கு மேல் கிடையாது. குழந்தைகள் காப்பகம் ஒன்று பார்த்தேன். எட்டுக் குழந்தைக்கும் மூக்குத் துடைக்க ஒரே ஈரத் துணி. நான் பார்க்கும்போதே அங்கிருந்த ஆயா அதே துணியில் மேசையையும் துடைத்தாள். அங்கே விட மாட்டேன். நீங்கள் வந்து எங்களோடு இருங்கள். ஜூனில் உங்கள் அப்பா போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக என்ன செய்கிறீர்கள்?

ஹரிதா


சித்தூர்
16 செப்டம்பர் 2024

ஹரிதா,

படம் பார்த்தேன். உயரமான செடியைச் சுவர் பக்கம் வைத்திருக்கிறாய். அந்தச் சுவரில்தானே ஜன்னல்? அப்படியானால் தெருவில் போகிறவனுக்குப் பூ தெரியும். அறைக்குள் இருப்பவளுக்குத் தண்டு தெரியும். எனக்கான அறை என்று வேறு எழுதியிருக்கிறாய்.

உயரமானதை நடுவில் வை. இரண்டு பக்கமும் குட்டையானது. அப்போது உள்ளேயிருந்து பார்த்தாலும் வெளியேயிருந்து பார்த்தாலும் பாத்தி சரிந்து இறங்கும். இருக்கிற மண்ணை ஒன்றரை அடி வெட்டித் தூக்கிப் போடு. செம்மண், மக்கிய சாணி, வேப்பம் பிண்ணாக்கு. பிண்ணாக்கு நாறும். உனக்கு ஆகாது, உன் புருஷன்தானே என் தம்பி, அவனைப் போடச் சொல்.

செண்டுமல்லி விதை பேப்பரில் மடித்து வைத்திருக்கிறேன். பாதிதான் முளைக்கும், நெருக்கமாகத் தூவு. மற்ற இரண்டையும் நீயே நர்சரியில் வாங்கிக்கொள்.

நான் வருவதாக இல்லை. மாம்பழக் கூழ் பேக்டரியில் பதினோரு வருஷம் பார்த்த வேலையை விட்டுவிட்டு படுத்த படுக்கையாகக் கிடந்த நைனாவோடு இரண்டு வருஷம் இருந்தேன். முதுகில் புண் வைத்து, புண்ணில் குழி விழுந்து, அதில் மருந்துத் துணி திணித்து எடுத்தேன். நீ கைக்குழந்தையோடு வந்து மூன்று நாள் இருந்தாய். மூன்றாம் நாள், பெரியப்பா வீட்டு ஆட்கள் பத்துப் பேர் நிற்கும்போது, போய்வருகிறேன் என்று சொல்ல உள்ளே வந்து, துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாய். நைனா கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார். அடுத்து பதினாறு நாள்தான் உயிரோடு இருந்தார்.

உன் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து பூ பார்க்க எனக்கு ஆசை இல்லை.

யமுனா


திருப்பதி
24 நவம்பர் 2024

யமுனா அண்ணிக்கு,

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். கோபத்தில் ஒரு மாதம். மீதி ஒரு மாதம் அக்ஷயாவுக்குப் பல் முளைத்து, ஜுரம் வந்து, மழை பெய்து போய்விட்டது.

நீங்கள் சொன்னபடியே மாற்றினேன். நடுவில் செண்டுமல்லி, இரண்டு பக்கமும் கோழிக்கொண்டை, ஓரங்களில் பத்துமணிப் பூ. பிண்ணாக்கை நான்தான் போட்டேன். உங்கள் தம்பி ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்த் திரும்பி வரும்போது சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் வருகிறார். பிண்ணாக்கு ஊறிய வாளியைத் திறந்தபோது மேலே புழு நெளிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன்.

மழை வந்ததும் நத்தை. சொல்லவே கூசுகிறது. காலையில் எழுந்தால் அரைச் செங்கல் முழுக்கப் பளபளவென்று எச்சில் கோடு. உப்புப் போட்டால் நுரைத்துக்கொண்டு சாகிறது, அதைப் பார்க்க முடியவில்லை. போடாவிட்டால் தளிரெல்லாம் காலி. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுகிறேன். வரும்போது ஒரு சத்தம் வருகிறது, அந்தச் சத்தம் குளிக்கும்போதும் காதிலேயே இருக்கிறது.

ஆனால் பூத்துவிட்டது. நீங்கள் அனுப்பிய விதையில் முப்பது செடி வந்தது. ஒவ்வொரு பூவும் அக்ஷயாவின் மூடின கையை விடப் பெரிதாக இருக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

நின்று பார்த்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டு ரத்னம்மா பறிக்கிறாள். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். அவள் வீட்டு பூஜை அறை நம் ஹாலை விடப் பெரியது. விடிந்ததும் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறாள், கேட்பதில்லை. நான் போய் நின்றால், "ஏம்மா, உங்க வூட்ல மாமனார் போய் ஒரு வருசம் ஆவல. பண்டிக இல்ல, பூஜ இல்ல. பூவு சும்மாதான வாடும்? நா தேவுனுக்குப் போட்டா உனக்குத்தான புண்ணியம்?" என்கிறாள். தீபாவளிக்கு வீட்டில் பலகாரம் செய்யவில்லையே என்று கடையில் வாங்கி ஒரு தட்டு கொடுத்தேன். "சாவு வூட்டுத் தட்டு வேணாம்மா" என்று திருப்பிவிட்டாள். பூவுக்கு மட்டும் சாவுத் தீட்டு இல்லை போல. பாத்தியை மேடாக, சரிவாக, அளந்து அளந்து போட்டேன். காலை ஏழு மணிக்கு நடுவரிசை மொட்டையாக நிற்கிறது.

அக்ஷயாவும் தவழ்ந்துபோய் இதழ் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறாள். துப்பச் சொன்னால் சிரிக்கிறாள்.

எந்தக் கடை விதை என்று எழுதுங்கள். அடுத்த தடவைக்கும் அதையே வாங்க வேண்டும். ஜனவரி 20க்கு இன்னும் எட்டு வாரம். மூக்கைப் பொத்தினது தப்புதான். ஒரு தடவை வந்து நேரில் திட்டுங்கள்.

ஹரிதா


சித்தூர்
1 டிசம்பர் 2024

ஹரிதா,

எந்தக் கடை என்று கேட்டிருக்கிறாய். கடையில் வாங்கியதில்லை.

நைனாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று நீ குழந்தையோடு தெருமுனையில் காருக்குள் இருந்தாய். கைக்குழந்தையைச் சாவு வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள், அதில் உன்மேல் குற்றமில்லை. பெண்கள் நாங்கள் முனை வரைக்கும்தான் போனோம். அங்கே பாடையைத் திருப்பும்போது நைனா கழுத்தில் கிடந்த செண்டுமல்லி மாலை அறுந்து ரோட்டில் விழுந்தது. தூக்கினவர்கள் நிற்கவில்லை. நான் அதை முந்தானையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த மாலையில் எடுத்த விதைதான் உன் பாத்தி.

உன் மூக்குக்கு ஆகாத மனுஷன் உன் ஜன்னலடியில் பூத்திருக்கிறார். தெருவே நின்று பார்க்கிறது என்கிறாய். சாவு வீட்டுத் தட்டு வேண்டாம் என்றவள் தினமும் பறித்துக்கொண்டு போய்ச் சாமி தலையில் வைக்கிறாள் என்கிறாய். படித்துவிட்டுச் சிரித்தேன். ஜூனுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

நீயும் போய்க் கிட்டே நின்று மோந்து பார்.

யமுனா


திருப்பதி
10 டிசம்பர் 2024

யமுனா அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றபடி படித்தேன். படித்துவிட்டுக் கை கழுவினேன். அப்புறம் கடிதத்தை வைத்த இடத்தைக் கழுவினேன். அப்புறம் அக்ஷயா வாயில் விரல் விட்டுத் துடைத்தேன். அன்று காலைதான் அவள் ஒரு முழுப் பூவைச் சப்பியிருந்தாள்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். குழந்தை தவழ்கிற இடம் என்று உங்களுக்குத் தெரியாதா? பிணத்தின் மேல் கிடந்ததை எடுத்து, மடித்து, தபாலில் போட்டு, பாதிதான் முளைக்கும், நெருக்கமாகத் தூவு என்று பக்குவம் வேறு சொல்லியிருக்கிறீர்கள்.

குழந்தை செண்டுமல்லியைத் தின்றுவிட்டது என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "பந்திப்பூ துன்னா ஒண்ணும் ஆவாதும்மா. இதுக்கா ஆட்டோ வச்சிக்கினு வந்த?" என்று சிரித்தார். என்ன பூ என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வந்த வேகத்தில் பிடுங்க ஆரம்பித்தேன். செண்டுமல்லிக்கு ஏற்கெனவே ஒரு நெடி உண்டு, வேரோடு வரும்போது அது கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பதினைந்து செடி பிடுங்கியிருப்பேன். ரத்னம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "பூக்குற செடிய எவளாச்சும் புடுங்குவாளா? பைத்தியமா புட்ச்சிக்கிச்சு உனக்கு?" என்றாள். எனக்கு அடக்க முடியவில்லை. எந்த மாலையில் வந்த விதை என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அய்யோ தேவுடா" என்று கத்திக்கொண்டே துணியோடு தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் வரை ஒவ்வொரு சாமி படத்தையும் வெளியே எடுத்து மஞ்சள் தண்ணீரில் கழுவினாள். "மூணு வாரமா பொணத்துப் பூவ என் கையால வெக்க வெச்சியேடி" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். அதற்குள் அக்ஷயா எழுந்து அழுதாள். மீதிப் பாதியைப் பிடுங்கவில்லை.

இப்போது ஒன்று எழுதுகிறேன். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தது. வாக்கு வாங்கிக்கொண்டவர் இப்போது உயிரோடு இல்லை, நீங்களோ இப்படிச் செய்துவிட்டீர்கள்.

நான் வந்த இரண்டாம் நாள், நீங்கள் மருந்துத் துணி வாங்கக் கடைக்குப் போனீர்கள். உங்கள் தம்பி மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். மாமா "யமுனா, யமுனா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே போனேன். படுக்கையிலேயே வெளிக்குப் போயிருந்தார். முதுகுக் கட்டு வரைக்கும் ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக்கொண்டு, "நீ போம்மா, தொடாத, யமுனா வந்துடும்" என்றார். வாசல் வரைக்கும் போனேன், நிஜமாகவே ஓடிவிடத்தான் போனேன். புண்ணுக்குள் அது இறங்குகிறது என்று தெரிந்ததும் திரும்பி வந்தேன்.

எல்லாம் துடைத்து, வேட்டி மாற்றி, விரிப்பு மாற்றினேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். "யார்கிட்டயும் சொல்லாதம்மா. மருமவ இந்தக் கோலத்துல பாத்துட்டான்னு தெரிஞ்சா எந்த மொகத்த வெச்சிக்கினு இருப்பேன்" என்று கை கூப்பினார். சரி என்றேன். பாத்ரூமில் போய் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். சோப்புப் போட்டுத் தோல் உரிகிற வரைக்கும் தேய்த்தும் விரலிலிருந்து அது போகவில்லை. அந்தக் கையோடு அக்ஷயாவுக்குப் பால் கொடுக்க மனசு வரவில்லை. மூன்று மணி நேரம் வீறிட்டாள். நீங்கள்கூட, "பச்சப் புள்ளய அழவுட்டு வேடிக்க பாக்குறா" என்றீர்கள்.

மறுநாள் உள்ளே வந்தபோது கை தானாக மூக்குக்குப் போனது. நான் நல்லவள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு அருவருப்புதான், இன்றைக்கும். அவ்வளவுதான்.

ஹரிதா


சித்தூர்
21 டிசம்பர் 2024

ஹரிதா,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது.

அன்று கடையிலிருந்து வந்து நைனா வேட்டி மாறியிருப்பதைப் பார்த்தேன். தம்பிதான் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். "என் ராஜா, உனக்காவது மனசு வந்துச்சே" என்று அவன் தலையைத் தடவினேன். முட்டை தோசை இரண்டு கூடுதலாகப் போட்டேன். அவன் எதற்கென்றே கேட்காமல் தின்றான். உன் கடிதத்தைப் படித்தபிறகு போன் போட்டுக் கேட்டேன். "நீ ஆசையா போட்ட, துன்னேன்க்கா" என்கிறான். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டுப் போயிருக்கிறார்.

நீ ஒரு நாள் வாந்தி எடுத்தாய். நான் இரண்டு வருஷம் எடுத்தேன். யாருக்கும் தெரியாது. உள்ளே போகும் முன் மூக்குக்குக் கீழே தைலம் தடவிக்கொள்வேன். எப்பவும் சளி பிடித்திருக்கிறதே, டாக்டரிடம் காட்டு என்பார் நைனா. புண்ணைக் கழுவும்போது சிரித்த முகமாக இருப்பேன். பார்க்கிறவர்கள் எல்லாம், மகள் என்றால் இவள் மகள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் போனபிறகு, எப்போது முடியும், எப்போது முடியும் என்று கிணற்றடியில் உட்கார்ந்திருப்பேன். பெற்ற அப்பாவைப் பற்றி.

நீ வந்தாய். பத்துப் பேர் முன்னால் மூக்கைப் பொத்தினாய். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? இவளால் முடிகிறதே என்று இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாலை விஷயமும் நீ நினைக்கிற மாதிரி இல்லை, நான் எழுதின மாதிரியும் இல்லை. பாசத்தில் எடுக்கவில்லை. ரோட்டில் ஒரு மாடு அதைத் தின்ன வந்தது, அதனால் அள்ளினேன். அள்ளினதை என்ன செய்வது என்று தெரியவில்லை. பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரண்மேல் வைத்தேன். மூன்று மாதத்தில் மேலே பூஞ்சணம் பிடித்து, வீடே நைனா அறை மாதிரி நாற ஆரம்பித்தது. குப்பையில் போட மனசு வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அப்போதுதான் விதை கேட்டாய். காய்ந்த பூவாகப் பார்த்துப் பிரித்து எடுத்தேன், நடுவில் எழுந்துபோய் வாந்தி எடுத்தேன். உன் வீட்டுக்கு அனுப்பினபிறகுதான் மூச்சு விட்டேன். குழந்தை தவழும் என்று யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். அதற்கு என்னை மன்னித்துவிடு.

மீதியையும் பிடுங்குவதென்றால் பிடுங்கு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் நேராக எழுது. என்னை எதற்குக் கூப்பிடுகிறாய்? தனியாக இருக்கிறாளே என்று பாவம் பார்த்தா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவா? பாவம் பார்த்து என்றால் வர மாட்டேன்.

யமுனா


திருப்பதி
8 ஜனவரி 2025

யமுனா அண்ணிக்கு,

மறுபடியும் தாமதம்தான். நேராகவே எழுதுகிறேன்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான். பாவம் பார்க்க எனக்கு நேரமில்லை. வேலை போய்விட்டால் நாள் முழுக்க இந்த வீட்டில் நத்தை பொறுக்கிக்கொண்டு இருப்பேன், அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. அக்ஷயா பிறந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் கிருமியாகத் தெரிகிறது. அவள் கன்னத்தில் யாராவது முத்தம் கொடுத்தால்கூடத் துடைக்கிறேன். இதை உங்கள் தம்பியிடம் சொன்னால், "எல்லா அம்மாவும் அப்டித்தான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறார். உங்களிடம் சொன்னால் புரியும் என்று போன கடிதத்தைப் படித்த பிறகு தோன்றியது.

செடியைப் பிடுங்கவில்லை. மனசு மாறி என்று நினைக்காதீர்கள். தொடவே பிடிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன். பிடுங்கின பாதியில் கோழிக்கொண்டையைப் பரப்பி நட்டேன். மீதி இருப்பதை இப்போது தெருவில் ஒருத்தியும் தொடுவதில்லை, ரத்னம்மா செய்தியை அப்படிப் பரப்பியிருக்கிறாள். நீங்கள் சொல்லி நான் மனசில் வைத்திருந்த மாதிரி பாத்தி இப்போதுதான் இருக்கிறது. நடுவில் ஒரு மேடு மாதிரி மஞ்சள், பக்கத்தில் சிவப்பு இறங்கி, கீழே ஓரமெல்லாம் ரோஸ். உங்கள் அறையில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். தண்டு தெரியவில்லை. நன்றாக இருக்கிறது, எனக்குக் குமட்டவும் செய்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில்.

அக்ஷயா போகாமலிருக்க ஜன்னலடியில் மூங்கில் தட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நேற்றிலிருந்து அவளுக்கு வயிற்றுப்போக்கு. மருந்து கொடுத்திருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லையாம். பச்சையாகப் போகிறது, நாற்றம் தாங்கவில்லை. காலையிலிருந்து ஐந்து தடவை. இரண்டு தடவை என் மடியில், ஒரு தடவை உங்களுக்காகப் புதிதாகப் போட்ட மெத்தை விரிப்பில். இந்தக் கடிதத்தை நடுவில் வைத்துவிட்டுப் போய்க் கழுவிவிட்டு வந்துதான் எழுதுகிறேன். வந்தபிறகு, நீ சொல்லவில்லையே என்று இருக்கக் கூடாது.

பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. உங்கள் தம்பிக்கு லீவு, பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். முகம் சுளிக்கத் தோன்றினால் தாராளமாகச் சுளியுங்கள், இந்த வீட்டில் அதை ஒளிக்க வேண்டாம். சுளித்துக்கொண்டே வாருங்கள்.

ஹரிதா